சளிப்பூஞ்சை மாதிரிகளை ஹெர்பேரியத்துக்கு (உலர் மாதிரிக் காப்பகத்துக்கு) எப்படித் தயார் செய்வது?

கேள்வி:
வணக்கம். கொடைக்கானல் பகுதிச் சோலைக்காட்டில், உரிய அனுமதியுடன், மட்கிய கட்டைகளிலிருந்து சளிப்பூஞ்சைகளைச் சேகரித்து வருகிறேன். செடிகளைப் போல இவற்றையும் நாளிதழுக்கிடையில் வைத்து அழுத்தலாமா? மஞ்சளாகப் படர்ந்திருப்பதையும் எடுக்கலாமா?

மறுமொழி 1:
அழுத்தவே கூடாது, வித்தகத்தின் (வித்துகள் உருவாகும் சிறு உறுப்பின்) காம்பும் உறையும் நொறுங்கிவிட்டால் இனங்காண ஒன்றும் மிஞ்சாது. அடியிலுள்ள பட்டையோடு சேர்த்துக் கத்தியால் செதுக்கியெடுத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, தீப்பெட்டி போன்ற சிறு அட்டைப்பெட்டியின் உள்தட்டில், பட்டையின் அடிப்புறத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். மஞ்சளாகப் படர்ந்திருப்பது பிளாஸ்மோடியம், அதாவது வித்தகம் உருவாவதற்கு முந்தைய கூழ்நிலை. அதை மட்டும் வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் இயலாது என்பதால், வித்தகமாக முதிரும்வரை காத்திருங்கள்.

மறுமொழி 2:
சேகரிப்பு எண்ணை மேலுறையில் மட்டும் எழுதாமல் உள்தட்டிலும் எழுதுங்கள். பல பெட்டிகளை ஒன்றாகத் திறக்கும்போது உறைகள் மாறிப்போகும். இடம், உயரம், தேதியோடு எந்த மரத்தின் கட்டை, எவ்வளவு மட்கியது என்பதையும் பதிவேட்டில் சேர்ப்பது மிக முக்கியம், ஏனெனில் பிற்கால ஆய்வாளருக்கு அந்த விவரம் வேறெங்கும் கிடைக்காது. பைசாரம் என்ற சளிப்பூஞ்சைப் பேரினத்தில் காணப்படும் சுண்ணத் துகள்கள், நுண்ணோக்கியில் பார்க்க மாதிரியை வைக்கும் லாக்டோஃபீனால் போன்ற அமிலத் திரவத்தில் கரைந்துவிடுமாதலால், அவற்றை முதலில் உலர்ந்த நிலையிலேயே நுண்ணோக்கியில் பார்த்து, நிறத்தையும் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
பூச்சிகளும் உண்ணிகளும் வித்துகளைத் தின்றுவிடும். நன்கு உலர்ந்த பெட்டிகளைக் காற்றுப்புகாத பையிலிட்டு, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவைத்த பிறகே அலமாரியில் சேருங்கள். கோடையில் காட்டில் எதுவும் தென்படாவிட்டால், உயிருள்ள மரங்களின் உதிர்ந்த பட்டையைப் பெட்ரி தட்டில் ஈரத்தாளின்மேல் வைத்து, சளிப்பூஞ்சை வளர்கிறதா என்று சில வாரங்கள் கவனித்து வாருங்கள்.