எஸ்கேப்மென்ட்டை ‘விட்டுப்பிடி’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறையில் ஊசல் கடிகாரம் செய்வது பற்றித் தமிழில் குறிப்பு எழுத உட்கார்ந்தால், முதல் பக்கம் தடையில்லாமல் ஓடுகிறது. ஊசல், குண்டு, அச்சு, பற்சக்கரம் எல்லாம் கைவசம் உள்ள சொற்கள். சக்கரங்களை ஊசலின் ஆட்டத்துக்கு ஏற்பப் பல் பல்லாக நகரவிடும் எஸ்கேப்மென்ட் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. கடிகாரத்துக்கு உயிரே அதுதான், அதற்குப் பெயரைக் காணோம்.

இதற்குத் தமிழ்ப் பெயராக வந்த யோசனைகளில் ‘தப்புச் சக்கரம்’ வேண்டவே வேண்டாம். ‘அடுத்து, தப்புச் சக்கரத்தைப் பொருத்தவும்’ என்று செய்முறையில் எழுதினால், படிப்பவர் சரியான சக்கரம் எங்கே என்று தேடுவார். ‘விடுவிப்பான்’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது.

எடையின் இழுப்பில் சக்கரங்கள் ஒரே மூச்சில் ஓடிவிடத் துடிக்கின்றன. ஊசலோடு ஆடும், இரு முனையிலும் நாக்கு உள்ள நங்கூர வடிவத் துண்டுதான் ‘நங்கூரம்’. அதன் ஒரு நாக்கு ஒரு பல்லை விடுகிறது. சக்கரம் சற்று நகர்வதற்குள் எதிர்ப்பக்க நாக்கு வேறொரு பல்லைப் பிடித்துக்கொள்கிறது. நாம் கேட்கும் ‘டிக்’ விடும் ஓசை அல்ல, பிடிக்கும் ஓசை. ஒரு பக்க வீச்சுக்கு ஒரு நொடி எடுக்கும் ஊசலும் (நீளம் ஏறத்தாழ 99.4 செ.மீ.) 30 பல் சக்கரமும் என்றால், நொடிக்கு அரைப் பல் நகர்ந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. நொடிமுள்ளை அந்த அச்சிலேயே மாட்டிவிடலாம்.

ஆங்கிலமும் பிரெஞ்சும் பல் தப்புவதைப் பார்த்துப் பெயர் வைத்தன. ஜெர்மன் மொழியில் ‘ஹெம்முங்’, அதாவது தடுத்தல். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கு நம் பேச்சிலேயே இருக்கிறதே: விட்டுப் பிடிப்பது. ‘கைப்பிடி’ போல ‘விட்டுப்பிடி’ என்று பெயராக்கிவிடலாம்; ‘-ப்பான்’ ஒட்டத் தேவையில்லை.

பிள்ளை வளர்ப்பிலும் பேரத்திலும் புழங்கும் சொல் கலைச்சொல் ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நாக்கும் பல்லும் வாயிலிருந்துதானே வந்தன? ஒட்டுப்பலகையில் நான் வெட்டிய முதல் மாதிரியில் நங்கூரத்தின் அச்சை இரண்டு மில்லிமீட்டர் மேலே வைத்துவிட்டேன். நாக்குகள் பல்லை எட்டவில்லை. விட்டது, பிடிக்கவில்லை, சர்ரென்று எடை தரைக்கு வந்துவிட்டது. அன்று அதற்கு ‘விடுவிப்பான்’ என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

ஊசலுக்கு உந்துதல் தருவதை இந்தச் சொல் காட்டவில்லை என்பது நியாயமான குறை. பல், நாக்கின் சரிவைத் தள்ளிவிட்டுத்தான் நழுவுகிறது. அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் காற்றும் உராய்வும் ஊசலை நிறுத்திவிடும். அதை உறுப்புகளின் பெயரில் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பழைய நங்கூர அமைப்பில் ஒரே சரிவு பிடிக்கவும் செய்கிறது, தள்ளலை வாங்கவும் செய்கிறது. அதனால்தான் வீச்சின் கடைசியில் சக்கரம் சற்றே பின்னால் உதைபடுகிறது. நொடிமுள் ஒவ்வொரு நொடியும் லேசாகப் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் ஜார்ஜ் கிரஹாம் 1715 வாக்கில் செம்மைப்படுத்திய அமைப்பில் நாக்குக்கு இரண்டு முகங்கள். ஒன்று நங்கூர அச்சை மையமாகக் கொண்ட வட்டவில். ஊசல் மேலும் ஆடினாலும் அதில் பட்ட பல் அசையாமல் நிற்கும். இது ‘பிடிமுகம்’. மற்றது சரிவு, பல் அதன்மேல் வழுக்கும்போதுதான் தள்ளல். இது ‘உந்துமுகம்’. அரத்தைக் கையில் எடுத்தவருக்கு இந்த வேறுபாடு உடனே புரியும்: பிடிமுகத்தில் வளைவு பிசகினால் பின்னுதை திரும்ப வந்துவிடும்.

அப்படியானால் முதல் வகை ‘பின்னுதை விட்டுப்பிடி’, கிரஹாமுடையது ‘உதையா விட்டுப்பிடி’. கிரஹாம் அமைப்பின் ஆங்கிலப் பெயரான டெட்பீட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘இறந்த துடிப்பு’ ஆக்கிவிடாதீர்கள், மருத்துவமனை வாடை அடிக்கும்.

இன்னொன்று பாக்கி. ஒரு பல் விடுபட்டு வேறொன்று பிடிபடும்வரை சக்கரம் யாரையும் தொடாமல் ஓடும் சிறு தூரத்தை என் வரைபடங்களில் ‘தாவல்’ என்று குறித்துவருகிறேன். தாவல் கூடினால் சத்தம் கூடும், எடையின் விசையும் வீணாகும். இதைவிட நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள், வரைபடத்தில் மாற்றிவிடுகிறேன்.