வாய்க்கால் ஓரத் தென்னையில் அடித்தண்டழுகல்: அகழி வெட்ட இடமில்லை

காவேரிப்பட்டணம் பக்கம், வாய்க்கால் கரையில் ஒரே வரிசையாக நிற்கும் தென்னைகளில் தஞ்சாவூர் வாடல் என்கிற அடித்தண்டழுகல் நோய் பரவுகிறது. நாட்டு நெட்டை, முப்பது வயதுக்கு மேல், மணல் கலந்த மண். ஆளுக்குப் பத்து பதினைந்து மரம்தான், ஆனால் பல குடும்பத்துக்குச் சொந்தம். கீற்று முடைகிறவர்களும் துடைப்பம் கட்டுகிறவர்களும் இந்த வரிசையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

போன கோடையில் முதல் மரம். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசிந்தது. அடிமட்டைகள் காய்ந்து தண்டோடு தொங்கின, குரும்பை கொட்டியது. மழைக்குப் பிறகு அடியில் இந்த நோயை உண்டாக்கும் கானோடெர்மா காளான் முளைத்ததால் நோய் எதுவென்பதில் சந்தேகமில்லை.

ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 2 மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்து, பையில் ஊற்றி, மூன்று மாதத்துக்கொருமுறை வேரில் கட்டுகிறோம். பென்சில் தடிமன் இளவேரைச் சாய்வாக வெட்டினால் மருந்து இறங்குகிறது. நோய் முற்றிய மரத்தில் பை அப்படியே நிற்கிறது, உறிஞ்ச நல்ல வேரே கிடைப்பதில்லை. 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்) மரத்துக்கு 40 லிட்டர் ஊற்றியாயிற்று. வேப்பம்புண்ணாக்கு 5 கிலோவோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் வைத்தோம். பட்ட மரங்களை வேர்க்கட்டையோடு தோண்டி எரித்தோம். மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடும் பாய்ச்சலை நிறுத்தி, தனித்தனி வட்டப்பாத்திக்கு மாறினோம். எல்லோரும் மாறவில்லை, அதுதான் சிக்கல்.

வேர்த் தொடர்பை அறுக்க, நோயுற்ற மரத்தைச் சுற்றித் தள்ளி ஆழமாக அகழி வெட்ட வேண்டும். இங்கே மரத்திலிருந்து ஒன்றரை மீட்டரிலேயே வாய்க்கால் வந்துவிடுகிறது. வெட்டினால் கரை சரியும்.

இப்படி ஒருபக்கம் வாய்க்கால் இருக்கும் இடத்தில், நோயுற்ற மரத்தின் வேரை அடுத்த மரத்திலிருந்து எப்படித் துண்டித்தீர்கள்?