பேன் மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருதே, ஏன்?

கேள்வி: பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு பெர்மெத்ரின் 1% லோஷன் போட்டால் பேன் செத்துடுது. இரண்டு வாரத்தில் மறுபடி அரிப்பு. எதை விடுறோம்?

பதில் 1: ஈரை. மருந்து ஈரை முழுசாக் கொல்லாது, 7–10 நாளில் பொரிச்சிடும். அதனால் 9ஆம் நாள் இன்னொரு முறை போட்டே ஆகணும். கண்டிஷனர் போட்ட முடியில் மருந்து ஒட்டாது. ஷாம்பு மட்டும் போட்டு அலசி, துண்டால் ஒற்றி, ஈரமுடியில் தடவி 10 நிமிடத்தில் கழுவுங்க.

பதில் 2: மருந்தை விட சீப்பை நம்பலாம். உலோகப் பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைச்சுப் பாருங்க. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் மண்டிக் கிடக்கும். 2–3 நாளுக்கு ஒருதரம், 3 வாரம்.

பதில் 3: ஒரே நாளில் வீட்டில் எல்லார் தலையும் பாருங்க. இரண்டாம் முறைக்குப் பிறகும் சுறுசுறுப்பா ஊர்ந்தால் அது மருந்துக்கு மசியாத பேன். டாக்டரிடம் வேற மருந்து கேளுங்க. வீட்டையே கவிழ்த்துப் போட வேண்டாம், தலையை விட்டு விழுந்தது 2 நாள் தாங்காது.