அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி: டேப் தாங்குமா, திருகு போடணுமா?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, படுக்கையறை அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் கண்ணாடி ஒட்ட வேண்டும். 150 செ.மீ உயரம், 50 செ.மீ அகலம், 4 மி.மீ கனம், சட்டம் கிடையாது. கதவு லேமினேட் ஒட்டிய சிப்போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை). கடைக்காரர் இரட்டைப்பக்க ஃபோம் டேப்பே போதும் என்கிறார், என் வீட்டுக்காரரோ திருகு போட்டே ஆகணும் என்று டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மூணு வயசுப் பிள்ளை அதே அறையில்தான் தூங்குகிறான், அதான் பயம்.

பட்டறைக்காரன்:
முதலில் எடையைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, 1 மி.மீ கனத்துக்கு 2.5 கிலோ. உங்களுடையது 0.75 சதுர மீட்டர், ஆக 7.5 கிலோ. டேப்பை மட்டும் நம்பி இதை நான் தொங்கவிட மாட்டேன். டிரில்லையும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள், துளையில்லாத கண்ணாடியில் வீட்டிலேயே துளை போடப் போனால் விரிசல்தான் மிஞ்சும். சிலிக்கோன் பிடிக்கட்டும், அது காயும்வரை டேப் தாங்கட்டும், கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு அலுமினிய ‘L’ வடிவப் பட்டை ஒன்றைக் கதவில் திருகிவிடுங்கள். அது சரி, இழுக்கும் கதவா, திறக்கும் கதவா? இழுக்கும் கதவு என்றால் கண்ணாடியும் டேப்பும் சேர்ந்த கனத்துக்குப் பக்கத்துக் கதவோடு இடைவெளி இருக்கா என்று பார்க்கணும்.

ஈசூன்வாசி:
திறக்கும் கதவுதான் அண்ணே. பாத்ரூமுக்கு வாங்கின சிலிக்கோன் பாதி டியூப் கிடக்கு, அதுவே போதுமா?

தேக்கா_தம்பி:
அக்கா, அதை முகர்ந்து பாருங்க. வினிகர் வாடை அடித்தால் தொடவே தொடாதீங்க, அந்த அமிலம் பின்பக்க ரசத்தை அரித்து முன்னால் கறுப்புத் திட்டு வர வைக்கும். டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு (mirror) ஏற்றது என்றும் இருக்கணும். ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பட்டறைக்காரன்:
தம்பி சொன்னது சரி. கதவைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டு வேலை செய்யுங்கள். கண்ணாடி மறைக்கப்போகிற இடத்தில் மட்டும் லேமினேட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள், வழவழப்பில் பசை நிற்காது. சிலிக்கோனை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள், காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போனால்தான் அது இறுகும். வட்டமாகச் சுற்றி அடைத்துவிட்டால் நடுவில் நாள்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். ரெண்டு நாள் அசைக்காமல் விட்டுவிடுங்கள். பிள்ளை இருக்கிற அறை என்கிறீர்கள், ஒட்டுவதற்கு முன் கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாப்புப் படலம் இருக்கா என்று பாருங்கள், உடைந்தாலும் துண்டுகளைப் பிடித்து வைப்பது அதுதான். ஆனால் பசை பிடிப்பது அந்தப் படலத்தைத்தான், அதனால் ஓரத்தில் உரிந்திருந்தால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள்.

ஈசூன்வாசி:
படலம் இருக்கு, நல்லாவே ஒட்டியிருக்கு. கதவுக்குக் கீல் மூணு. கைப்பிடிப் பக்கம் தூக்கிப் பார்த்தால் மேல் கீல் லேசாக ஆடுது.

பட்டறைக்காரன்:
அப்போ கண்ணாடிக்கு முன்னால் அதைச் சரி பண்ணுங்கள். திருகைக் கழற்றி, துளைக்குள் மரப்பசை தடவிய பல்குத்தும் குச்சிகளை இறுக்கமாகச் செருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டு அதே திருகைப் போடுங்கள். நீளமான திருகு வேண்டாம், பலகையின் மறுபக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும்.