இராயப்பரா, பேதுருவா? பெயர்களை மொழிபெயர்க்கலாமா?

கடலோரத்தான்:
என் பாட்டியின் பழைய செபப் புத்தகத்தை நேற்று மகள் புரட்டிக்கொண்டிருந்தாள். "அர்ச். இராயப்பர், அர்ச். சின்னப்பர், இவர்களெல்லாம் யார் அப்பா?" என்று கேட்டாள். 'அர்ச்.' என்றால் புனிதர் என்பதற்குப் பழைய சுருக்கம். ஞாயிறு தவறாமல் மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறவள். பேதுருவும் பவுலும்தான் என்று சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. அதில் இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார். ஒற்றுமைக்காகச் செய்தார்கள், சரி. ஆனால் அந்த ஒற்றுமைக்கு நாம் கொடுத்த விலை நம் தமிழ்ப் பெயர்கள்.

மூலமொழி மாணவன்:
விலை என்று ஏன் நினைக்கிறீர்கள்? பெயர் ஆளைச் சுட்டுவதற்கு. பொருள் சொல்வதற்கு அன்று. பவுலுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் 'சிறிய' என்று பொருள் உண்டு. அது உரோமைக் குடும்பங்களில் வழங்கிய சாதாரணப் பெயர். அப்படி அழைத்தவர்கள் அவருடைய உயரத்தை நினைத்து அழைக்கவில்லை. கறுப்பசாமி என்ற நண்பரைப் பற்றி வேறு மொழியில் எழுதினால் அவர் பெயரைப் பொருள் பிரித்தா எழுதுவீர்கள்?

கடலோரத்தான்:
நற்செய்தியே பெயரை மொழிபெயர்த்திருக்கிறதே, ஐயா! யோவான் 1:42ஐ எடுத்துப் பாருங்கள். சீமோனைப் பார்த்து இனி நீ கேபா எனப்படுவாய் என்கிறார் இயேசு. நற்செய்தியாளர் உடனே அதைக் கிரேக்கத்தில் பெத்ரோஸ் என்று பெயர்த்துத் தருகிறார். கேபா, இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். கேபாவுக்கும் பெத்ரோசுக்கும் ஒலியில் எந்த உறவும் இல்லை. இரண்டையும் சேர்ப்பது பாறை என்ற பொருள் மட்டுமே. ஆக, நீங்கள் மூலம் என்று பிடித்துக்கொண்டிருக்கும் பேதுருவே ஒரு மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் செய்யலாம், தமிழில் செய்யக் கூடாதா? மத்தேயு 16:18இல் "இந்தப் பாறையின் மேல்" என்று வரும் இடத்தில், பேதுரு என்ற பெயரோடு வாசிக்கும் நம் பிள்ளைக்கு அடிக்குறிப்பு இல்லாமல் என்ன புரியும்?

மூலமொழி மாணவன்:
கேபாவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அது பொருளுக்காகவே சூட்டிய பெயர். ஆனால் இராயப்பர் என்றால் மட்டும் பாறை புரிந்துவிடுகிறதா? தெலுங்கில்தான் 'ராயி' கல். தமிழ்க் காதுக்கு இராயர் என்றால் அரசர். உங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் பாறை என்றா சொல்லியிருப்பார்?

சந்தியாகப்பருக்கு வருவோம். இயேசுவின் சீடரான யாக்கோபு, ஆபிரகாமின் பேரன் யாக்கோபின் பெயரைத் தாங்கியவர். யாக்கோபு என்று எழுதினால் இது குழந்தைக்கும் தெரியும். சந்தியாகப்பர் என்றால் மறைந்துவிடுகிறது. 'ஜேம்ஸ்' என்று வாசிக்கும் ஆங்கிலேயருக்கும் இதே இழப்புதான்.

ஏடு படிப்பவள்:
இருவரும் எல்லாப் பழைய பெயர்களையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். அருளப்பர், சின்னப்பர், முடியப்பர் ஆகியவை பொருள் பெயர்த்த பெயர்கள். முடியப்பர் ஸ்தேவான்தான், ஸ்தெபானோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, மகுடம். ஆனால் சூசை, சந்தியாகு, சவேரியார் எல்லாம் போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்த ஒலிகள். யோசேப்பின் போர்த்துக்கீசிய வடிவமான ஜோசே சூசையானது. சந்தியாகு என்பதே 'புனித யாக்கோபு' என்பதன் திரிபு. அதன் முன்னே மறுபடியும் 'புனித' போடுகிறோம்.

இதற்கெல்லாம் மேலே நின்றவர் வீரமாமுனிவர். தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றார். எபிரேயத்தில் அந்தப் பெயருக்கு 'பெருகச் செய்வார்' என்பது பொருள். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். பத்தாம் வகுப்புப் பாடத்தில் தாய் எலிசபெத்தை இழந்து அழும் கருணையனைப் படித்த எந்த மாணவனும் அவனை அயலானாக நினைக்கவில்லை. கடலோரத்தானுக்கு உண்மையில் வேண்டியது இதுதான். சூசையும் சந்தியாகும் அல்ல.

மன்னார் வாசகன்:
இலங்கையில் எங்கள் பக்கம் இந்தச் சண்டை இல்லை. மன்னார் ஆயராக இருந்து 2021இல் மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் பெயரைப் பாருங்கள். பழைய இராயப்புவும் விவிலியத்து யோசேப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்தார்கள். ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை.

மூலமொழி மாணவன்:
மக்கள் பெயராக இருப்பதை நான் எதிர்க்கவே இல்லை. விவிலியத்துக்குள் வேண்டாம் என்கிறேன். தேம்பாவணி காப்பியம், அதன் புலவருக்கு அந்த உரிமை உண்டு. விவிலிய மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

கடலோரத்தான்:
யாக்கோபு விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தொடர்பை நான் எண்ணிப் பார்த்ததில்லை. சின்னப்பரை மட்டும் விட மாட்டேன். 1 கொரிந்தியர் 15:9இல் திருத்தூதர்களிலேயே தாம் மிகச் சிறியவர் என்று அவரே எழுதுகிறார். பழங்கால ஆயரான புனித அகுஸ்தீனும் பவுல் என்ற பெயரைச் சிறியவர் என்றுதான் விரித்தார். திருச்சபையைத் துன்புறுத்திய பாவத்தை மறக்காமல் தன்னைத் தாழ்த்திக்கொண்டவரை, நம் மூத்தோர் வீட்டுப் பெரியவரைப் போலச் சின்னப்பர் என்று அழைத்தார்கள். பவுல் என்ற ஒலியில் அந்தப் பாசம் எங்கே இருக்கிறது?

மூலமொழி மாணவன்:
அகுஸ்தீன் செய்தது மறையுரை. மறையுரையில் நீங்களும் தாராளமாகச் சொல்லுங்கள். நானே உட்கார்ந்து கேட்பேன். அந்தச் செபப் புத்தகத்தை மட்டும் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கங்களைப் படமெடுத்து இங்கே ஏற்றுங்கள். முடியப்பருக்கு அதில் மன்றாட்டு இருக்கிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

கடலோரத்தான்:
இருக்கிறது. 43ஆம் பக்கம். இன்று இரவு ஏற்றுகிறேன்.