தகட்டின் இரண்டாவது வரி: மோட்டார்ஹோம் பின்னால் டிரெய்லர் இழுத்து எடைமேடையில் நின்றவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரை

மூன்று மாதம் ஆகிவிட்டது. சாலையில் எங்களை நிறுத்தி எடை போட்ட அதிகாரியின் விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எழுதிவிட்டாலாவது போகுமா என்று பார்க்கிறேன்.

இங்கிலாந்தின் எம்20 சாலை, டோவர் போகும் திசை. மோட்டார்ஹோம் என்னும் வீட்டுவண்டி, பின்னால் டிரெய்லர், அதன் மேல் மனைவியின் சின்னக் கார். முந்திக்கொண்டு வந்த வண்டியின் முதுகில் ‘பின்னால் வரவும்’ என்று எழுத்து மின்னியது. நான் துளியும் பயப்படவில்லை. மோட்டார்ஹோமுக்கு அனுமதி 3,500 கிலோ. கிளம்பும் முன் எடை போட்டேன், 3,400. டிரெய்லரின் தகட்டில் 1,500. காரோடு சேர்த்தே 1,350தான். கொக்கி மாட்டிக்கொடுத்த கடைக்காரர், “இது 2,000 கிலோ தாங்கும் சார்” என்று தட்டிக் காட்டியிருந்தார். நான் 2005இல் கார் ஓட்டும் தேர்வில் தேறியவன். அதனாலும் தொல்லை இல்லை. 2021 டிசம்பர் 16 முதல் இங்கே சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம்.

எடைமேடையில் ஏற்றினார்கள். முன் அச்சு 1,330. பின் அச்சு 2,150. டிரெய்லர் சக்கரங்கள் 1,270. கூட்டினால் 4,750.

அதிகாரி முன்மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தூசி படிந்த ஒரு தகடு. கைத்துணியால் துடைத்தார். நான்கு வரிகள்: 3,500, 4,500, 1,850, 2,000. அவருடைய விரல் இரண்டாவது வரியில் போய் நின்றது. “இது என்ன எண் தெரியுமா?”

எட்டு வருடமாக அந்த மூடியைத் திறந்து கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தெரியாது என்றேன். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து சாலையில் இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடையாம். வண்டி தனியாகப் பார்த்தால் சரி, டிரெய்லர் தனியாகப் பார்த்தால் சரி, கொக்கியும் சரி. சேர்த்தால் 250 கிலோ மிகுதி. கடைசி வரி பின் அச்சின் வரம்பாம், அதில் வேறு 150.

100 பவுண்டு அபராதம். காரை இறக்கி மனைவி ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். கப்பல் போய்விட்டது. அதெல்லாம் ஆறிவிட்டது. ஆறாதது அவர் கேட்ட கேள்வி. “இதை இதுவரை யாருமே படித்ததில்லையா?” என்றார். கிண்டலே இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆணியும்நட்டும்

இருபது வருடம் லாரிப் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தக் கொக்கி 2,000 கிலோ தாங்கும். தாங்குவது கொக்கி, இழுப்பதும் நிறுத்துவதும் வண்டி. கழுத்து எவ்வளவு தாங்கும் என்று மாட்டைத்தான் கேட்க வேண்டும், நுகத்தடியை அல்ல.

பின் அச்சுக்கு வருகிறேன். 1,350 கிலோ டிரெய்லரின் 1,270 அதன் சக்கரத்தில் இருந்தால், மீதி 80 உங்கள் கொக்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த வகை வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் 4 மீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கி வரை 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக் கோல் போலத்தான்: பின்னால் தொங்கும் சுமை முன்பக்கத்தைத் தூக்கும். 80 கிலோவை 6.2ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 124. அதாவது 80 கிலோ வைத்தீர்கள், பின் அச்சில் 124 ஏறியது, முன் அச்சில் 44 குறைந்தது. முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் இது மழைநாளில் என்ன செய்யும் என்பதைத் தனியாக எழுதலாம்.

இப்போது 2,150இலிருந்து 124ஐக் கழியுங்கள். 2,026. டிரெய்லரே இல்லாதபோதும் உங்கள் பின் அச்சு 26 கிலோ மிகுதி! எனவே டிரெய்லரின் மேல் மட்டும் பழி போட வேண்டாம். படுக்கைக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில் என்ன வைத்திருந்தீர்கள்?

கேட்காமலே இன்னும் ஒன்று. எடை போடும்போது மொத்தமாகப் போடாதீர்கள். முதலில் முன் சக்கரம் மட்டும், பிறகு வண்டி முழுவதும், பிறகு டிரெய்லரும் சேர்த்து. மூன்று சீட்டு வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டி, டீசல், சமையல் வாயு எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும், ஓட்டுபவரும் உடன் பயணிப்பவரும் உள்ளே இருக்க வேண்டும். காலி வண்டியை எடை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தகட்டில் இரண்டாவது வரியே காலியாக இருந்தாலோ, முதல் வரியின் எண்ணே அங்கும் இருந்தாலோ, அந்த வண்டி எதையும் இழுக்கக் கூடாது என்று பொருள்.

வைகைக்கரை

அண்ணா, சாமான் அறையில் வெட் கிரைண்டர் இருந்தது. கல்லோடு. ஆறு வாரப் பயணம், மாவு வாங்கப் பிடிக்காது. கருவிப்பெட்டியும் இருந்தது. இதை முதலிலேயே எழுதாததற்குக் காரணம் உங்களுக்குப் புரியும்.

பாசல்வழி

கிரைண்டருக்கே இப்படி என்றால் எங்கள் அரிசிக் கதையைக் கேளுங்கள்.

ஸ்டுட்கார்ட்டில் இருந்து இத்தாலிக்கு, சுவிஸ் வழியாக. 3,500 கிலோ வண்டி, பின்னால் பிரேக் இல்லாத 750 கிலோ டிரெய்லரில் ஸ்கூட்டரும் சைக்கிள்களும். பாசல் தாண்டியதும் பொலிஸ் மறித்து எடை போட்டது. அளவீட்டுச் சலுகையைக் கழித்த பிறகும் 3,640. ஜேர்மனியில் என்றால் ஐந்து விழுக்காட்டுக்கு உட்பட்டது என்று விட்டிருப்பார்கள். சுவிஸில் 100 கிலோவைத் தாண்டினால், ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தாலும் 200 பிராங்க். கட்டினோம். கட்டியதோடு முடியவில்லை, மிகுதியை இறக்கினால்தான் வண்டி நகரும்.

தொட்டியில் 100 லீட்டர் தண்ணீர் இருந்தது, திறந்துவிட்டோம். இன்னும் 40 கிலோ. நான் கெட்டிக்காரத்தனமாக இரண்டு அரிசி மூட்டைகளையும் டிரெய்லருக்கு மாற்றினேன். பொலிஸ்காரர் ஒன்றும் சொல்லாமல் டிரெய்லரைக் கழற்றி எடைபோடச் சைகை காட்டினார். 735இல் இருந்தது 775 ஆகிவிட்டது. 

அப்போதுதான் அவர் வண்டிக்குள் எட்டிப்பார்த்து, ஆட்களில் ஒருவர் ரயிலில் வரலாமே என்றார். மனைவி அதை மாமிக்கு மொழிபெயர்த்தாள். மாமி செருப்பை மாட்டிக்கொண்டு, “அரிசியை நான் கொண்டு போகிறேன்” என்று மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இருக்கிறதே! கடைசியில் பாசலில் இருந்த உறவினர் வந்து மூட்டைகளை வாங்கிப் போனார். திரும்பி வரும்போது ஒன்றுதான் இருந்தது.

மணற்கேணி

பாசல்வழி, “விட்டிருப்பார்கள்” என்று எழுதி மற்றவர்களைக் கெடுக்காதீர்கள். ஜேர்மனியில் எடை மிகுதிக்கு இளக்கம் காட்டலாம். ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்துக்கு இல்லை.

என் அனுமதிப்பத்திரத்தில் பி96 என்ற கூடுதல் உரிமை இருக்கிறது: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 4,250 கிலோ வரை. நண்பரிடம் டிரெய்லர் இரவல் வாங்கி, வெறுமையாகத்தான் இழுத்து வந்தேன். வண்டி நிஜத்தில் 3,450, டிரெய்லர் 280. சேர்த்தால் 3,730. எங்கே 4,250, எங்கே 3,730! உல்ம் அருகே நிறுத்தியவர் எடையே போடவில்லை. இரண்டு பதிவுத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 3,500இன் கீழே 1,000 என்று எழுதிக் கோடு போட்டார். பள்ளிக்கூடக் கூட்டல் போல. 4,500. அதற்கு பிஇ வகுப்பு வேண்டும்.

நான் டிரெய்லர் காலி, காலி என்று கத்திக்கொண்டிருந்தேன். அனுமதிப்பத்திரத்துக்குத் தாளில் இருக்கும் அதிகபட்ச அனுமதி எடைதான் கணக்கு. அதில் ஒரு இறகு ஏற்றியிருந்தாலும் ஒன்றுதான், யானை ஏற்றியிருந்தாலும் ஒன்றுதான். உரிய வகுப்பு இல்லாமல் ஓட்டுவது அங்கே வெறும் அபராதம் அல்ல, குற்ற வழக்கு. டிரெய்லரை அங்கேயே விட்டு வந்தேன். நண்பர் இப்போது பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

லீட்ஸ்பெரியவர்

நீங்கள் எல்லாம் தகட்டைப் படிக்கவில்லை. நான் என் உரிம அட்டையையே படிக்கவில்லை.

பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு 7,500 கிலோ வரை வண்டியும், டிரெய்லரோடு சேர்த்து 8,250 கிலோ வரையும் சும்மாவே கிடைத்தது. நான் 1989. அந்த உரிமையில்தான் 4,250 கிலோ மோட்டார்ஹோமும் பின்னால் கார் டிரெய்லருமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுபது வயது நிறைந்தது. இணையத்தில் ஐந்து நிமிடத்தில் உரிமத்தைப் புதுப்பித்தேன், அட்டை வந்தது, பர்சில் வைத்தேன், ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினேன்.

பன்னிரண்டாம் நாள், முகாமில், தேநீர் நேரம். கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பழைய அட்டையையும் புதியதையும் வைத்துப் புகைப்படத்தில் எதில் நான் நன்றாக இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் சில வரி குறைகிறதே” என்றாள். சி1, அதாவது அந்த 7,500 கிலோ உரிமை, போய்விட்டது. அதை வைத்துக்கொள்ள, மருத்துவர் சோதித்து நிரப்பிய டி4 படிவத்தோடு தபாலில் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் உரிமமே இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். மகனைக் கூப்பிட்டேன். அவன் 2009இல் தேறியவன், 3,500க்கு மேல் தொட முடியாது. மருமகளும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் அந்த வண்டியை ஓட்டத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான், எனக்கும் தகுதி இல்லை. கடைசியில் கூலிக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்து ஓட்டினார். எங்கள் காரில் நாங்கள் பின்னால் போனோம். என் வண்டியின் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆட்டம் அதிகமாகத்தான் இருந்தது.

ஆணியும்நட்டும்

ஐயா, டி4க்குக் கண் பரிசோதனைப் பகுதியும் உண்டு, அதைச் சில மருத்துவர்கள் நிரப்ப மாட்டார்கள், கண்ணாடிக் கடையில் தனியாகச் செய்ய வேண்டும். மருத்துவரிடம் போகும் முன்பே...

லீட்ஸ்பெரியவர்

தம்பி, வண்டியை விற்றுவிட்டேன்.

கூடாரம்

டிரெய்லரே வேண்டாம் என்று காரை நேராக மாட்டி இழுக்கும் ஏ-பிரேம் கம்பி போட்டேன். காரின் நான்கு சக்கரமும் தரையில், மோட்டார்ஹோம் பின்னால் கன்றுக்குட்டி போல வரும். பிரிட்டனில் அப்படி மாட்டிய காரை டிரெய்லராகவே கருதுவார்கள். 750 கிலோவைத் தாண்டினால் அதன் பிரேக் வேலை செய்தாக வேண்டும். என் கார் 930, பிரேக் இணைப்பும் உண்டு. இதையெல்லாம் விளக்கும் தாளை ஸ்பானிய மொழியில் அச்சடித்து வைத்திருந்தேன்.

ஸ்பெயினில் புர்கோஸ் தாண்டி நிறுத்தினார்கள். அதிகாரி தாளை முழுவதும் படித்தார். நான்காக மடித்தார். என் சட்டைப் பையில் அவரே வைத்தார். பிறகு கம்பியைக் காட்டி, கழற்று என்றார். பழுதான வண்டியை மீட்பதைத் தவிர ஒரு மோட்டார் வாகனம் இன்னொன்றை இழுப்பது அவர்கள் சட்டத்தில் இல்லை. இனி யாரும் “எங்கள் ஊரில் செல்லும், அங்கும் செல்லும்” என்று எனக்கு விளக்க வேண்டாம். அந்தத் தாளை அனுப்பி வைக்கிறேன், மடிப்போடு.

வடமராட்சி

ஒன்ராறியோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே சாதாரணக் கார் உரிமமான ஜி வகுப்பில் மொத்தம் 11,000 கிலோ, டிரெய்லர் 4,600 கிலோ வரை போகலாம். ஆகவே சட்டம் என்னைத் தடுக்கவில்லை. அதுதான் சிக்கல்.

ஸ்கார்பரோவில் இருந்து மொன்றியலுக்கு, கோவில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான். மோட்டார்ஹோம் கொக்கியில் 5,000 இறாத்தல் என்று எழுதியிருந்தது, டிரெய்லர் அதற்குள்தான். ஆனால் பெரிய பாத்திரங்களை எல்லாம் முதலில் இறக்க வசதியாகப் பின் கதவோரமாக அடுக்கிவிட்டார்கள். கொக்கியின் மேல் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது அழுத்த வேண்டும் என்பார்கள். எங்களுடையது மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் அருகே ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்தது. இடது கண்ணாடியில் டிரெய்லர் தெரிந்தது. பிறகு வலது கண்ணாடியில் தெரிந்தது. பிறகு இடதில். காலை எடுத்தேன், பிரேக்கைத் தொடவில்லை, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினேன். பக்கத்தில் இருந்த ஐயர் அதுவரை பேசிக்கொண்டு வந்தவர், நிறுத்திவிட்டார். ஓரம் கட்டிக் கதவைத் திறந்ததும் பெரிய அண்டா உருண்டு வந்து என் காலருகே நின்றது. அங்கேயே, சாலையோரத்தில், எல்லாவற்றையும் இறக்கி முன்பக்கமாக அடுக்கினோம். ஐயரும் அண்டா தூக்கினார்.

லீட்ஸ்பெரியவர்

வைகைக்கரை, அந்தக் கிரைண்டரை இறக்கிவிட்டீர்களா? கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்குத்தான்.