நிணநீர்ப் புற்றுநோய் ஆய்வு: ‘ஒற்றைச்செல்’லா, ‘செல்வாரி’யா?

கோவை, ஆய்வக மாணவி:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்தாக வேண்டும். நிணநீர்க் கட்டியிலிருந்து எடுக்கும் சிறு துண்டை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த நோயாளியிடம் சம்மதம் கேட்கும் படிவம். துண்டைச் செல் செல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. நான் வைத்த தலைப்பு: ‘நிணநீர்ப் புற்றுநோயில் ஒற்றைச்செல் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு’. தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். “யாரு, கண்ணு, வெளிய வர்றது?” என்று கேட்டார். உதவுங்கள்.

பொள்ளாச்சி, உயிரியல் ஆசிரியர்:

பெரியவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ‘மரபணு வெளிப்பாடு’ பாடப்புத்தகத்தில் ஊறிவிட்ட சொல், அதை அசைக்க வேண்டாம். எனக்கு உறுத்துவது ‘ஒற்றைச்செல்’. என் பையன்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒருசெல் உயிரி என்று அமீபா படம் போட்டு அம்புக்குறி வைத்துவிடுவார்கள். ‘தனிச்செல்’ என்றால் சிறை ஞாபகம் வருகிறது.

கோபி, புலவர்:

அன்புடையீர், ‘செல்’ என்னும் பிறமொழிச் சொல்லை வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் ஒற்றையா தனியா என்று பார்ப்பது, ஓட்டை வீட்டுக்கு வெள்ளையடிப்பது. கல்+தூண் கற்றூண் ஆவதுபோல் செல்+திரள் ‘செற்றிரள்’ என்று எழுதத் தயாரா? தயாரில்லை என்றால் அது இன்னும் தமிழாகவில்லை. ‘உயிரணு’ இருக்க என்ன குறை?

‘நிணநீர்’ அருமையான சொல் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். சங்கப் பாடல்களில் நிணம் என்றால் கொழுப்பு, கொழுத்த ஊன். ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீனத்தில் அது வெறும் தெளிந்த நீர். கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு குடலிலிருந்து வரும் நிணநீர் பால்போல் வெளுத்திருக்கும் என்று மருத்துவம் படித்த என் மருமகன் சொன்னார். அது கொழுப்புதான். அப்படியானால் நம் சொல் அவர்கள் சொல்லைவிட உண்மைக்குக் கிட்டத்தில் நிற்கிறது. நிணம், நெய், நெகிழ் ஆகிய மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரித்து எழுதுகிறேன்.

ஈரோடு, மருந்தாளுநர்:

ஐயா, விரிவு அப்புறம் ஆகட்டும். ‘உயிரணு’வை மட்டும் படிவத்தில் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் குழந்தையின்மை விளம்பரம் இல்லாத சுவர் குறைவு, எல்லாவற்றிலும் ‘உயிரணு எண்ணிக்கை’தான். கழுத்தில் கட்டி என்று வந்தவரிடம் உங்கள் உயிரணுவை ஆராய்கிறோம் என்றால் மனிதர் எழுந்து போய்விடுவார்.

காங்கயம், பால் சங்கச் செயலர்:

எனக்கு அறிவியல் தெரியாதுங்க. ஒன்று கேட்கிறேன். கட்டியை மொத்தமாக அரைத்துப் பார்த்தால் ஆகாதா? எதற்கு ஒவ்வொன்றாக?

கோவை, ஆய்வக மாணவி:

நல்ல கேள்விங்க அண்ணா. கட்டி முழுக்கப் புற்றுச்செல் இல்லை. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய் வகையில் உண்மையான புற்றுச்செல்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்று அளவில்தான் இருக்கும், மற்றவை அதைச் சூழ்ந்து நிற்கும் நோயெதிர்ப்புச் செல்கள். அரைத்தால் கிடைப்பது கூட்டத்தின் சராசரி, அந்த ஒன்றின் குரல் அமுங்கிப்போகும். (பிரித்தாலும் அந்த வகைச் செல்கள் பெரிதாகவும் நொய்ந்தும் இருப்பதால் கருவிக்குள் முழுசாகப் போய்ச்சேர்வது சிரமம். அது எங்கள் தலைவலி.) மற்ற வகைகளில் புற்றுச்செல்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. மருந்துக்குச் சாகாத சில எப்படிப்பட்டவை என்பதுதான் கேள்வி.

காங்கயம், பால் சங்கச் செயலர்:

இது எங்கள் வேலைதானே! விடியற்காலையில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து, உறுப்பினர் எண் ஒட்டிய குப்பியில் ஊற்றிய பிறகுதான் மீதி கேனுக்குப் போகும். கேனில் கலந்த பிறகு டெஸ்ட் போட்டால் சராசரிக் கொழுப்பு வரும். எருமைப்பால் யாருடையது, தண்ணீர் விட்டது யார் என்று கேன் சொல்லாது.

கோவை, ஆய்வக மாணவி:

அண்ணா, அந்த எண் ஒட்டிய குப்பிகூட எங்களிடம் இருக்கிறது! எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்துளி ஒவ்வொன்றிலும் ஒரு செல்லும் ஒரு மணியும் சேர வேண்டும். மணியில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. அடையாளம், அந்தச் செல்லிலிருந்து பிடிபடும் ஆர்.என்.ஏ. படிகள் (வேலை செய்யும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்கள்) எல்லாவற்றிலும் ஏறிவிடும். அப்புறம் மொத்தமாகக் கலந்து படித்தாலும் எது எந்தச் செல்லுடையது என்று தெரிந்துவிடும். 2009இல் எலிக் கருவின் ஒரே செல்லில் செய்து காட்டினார்கள், 2015 வாக்கில் நுண்துளி முறை வந்த பிறகு ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் ஆகிறது.

சேலம், வருவாய்த் துறை (ஓய்வு):

பால் கதையைப் படித்ததும் என் பழைய பிழைப்பு நினைவுக்கு வந்தது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனபோது, கேப்டன் ரீடும் அவருக்குக் கீழிருந்த மன்றோவும் ஜமீனோடு மொத்தமாகப் பேசாமல் குடியானவர் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக நிலத்தீர்வை பேசும் வழியில் இறங்கினார்கள். அதுதான் ரயத்துவாரி. கட்டியை அரைப்பது ஜமீன்தாரி, மாணவி செய்வது ‘செல்வாரி’. ஊர்வாரி, மாவட்டவாரி என்று தினமும் சொல்கிறோம், தாராபுரத்துப் பெரியவருக்கும் புரியும். ‘செல்வாரி மரபணு இயக்க ஆய்வு’ என்று வைக்கலாமே. ‘வாரி’ பாரசீகம் வழி வந்த ஒட்டு என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்.

கோபி, புலவர்:

பாரசீகமா? வாரி என்றால் விளைச்சல், வருவாய். வெள்ளத்துக்கும் அதே பெயர். வாருதல், வாரம், வாரக்குடி என்று ஒரு குடும்பமே நம்மிடம் இருக்கிறது. எனவே வாரியை ஏற்கிறேன், செல்லை ஏற்கவில்லை. ‘அணுவாரி’ என்க.

பொள்ளாச்சி, உயிரியல் ஆசிரியர்:

அணுவை வாருவதற்கு இது கூடங்குளம் இல்லை ஐயா. ‘இயக்கம்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அளப்பது ஆர்.என்.ஏ. படிகளைத்தான், மரபணுவின் வேலை முழுவதையும் அல்ல. அந்தப் படிகளிலும் ஒரு பங்குதான் பிடிபடும், பூச்சியம் வந்ததாலேயே மரபணு தூங்குகிறது என்று சொல்ல முடியாது. ‘வெளிப்பாடு’தான் சரி.

ஈரோடு, மருந்தாளுநர்:

ஆய்வுக் கட்டுரையில் சரி சார். கையெழுத்துப் போடுகிறவருக்கு ‘இயக்கம்’ போதும்.

கோவை, ஆய்வக மாணவி:

நேற்று இரவு வரை வந்த கடிதங்களை எண்ணிப் பார்த்தேன். ‘செல்வாரி’க்கு ஐந்து பேர், ‘தனிச்செல்’லுக்கு இரண்டு பேர், ‘அணுவாரி’க்குப் புலவர் ஐயா. தலைப்பில் ‘செல்வாரி மரபணு இயக்க ஆய்வு’ என்று போட்டு, கீழே ‘கட்டியில் உள்ள செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எதில் எந்த மரபணு இயங்குகிறது என்று பார்ப்பது’ என எழுதிவிட்டேன். பால் குப்பி உதாரணத்தையும் சேர்த்தேன். பெரியவர் கேட்டுவிட்டு, “என்ற பாலு எந்தக் குப்பின்னு அப்புறம் சொல்லுவீங்களா?” என்றார். முடிவு நோயாளிக்குத் தெரிவிக்கப்படுமா என்ற பத்தியே படிவத்தில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேர்த்திருக்கிறேன்.

கோபி, புலவர் (ஞாயிறு):

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ‘செல்வாரி’யை உரக்கப் படித்துப் பாருங்கள். முதலில் காதில் விழுவது ‘செல்வார்’, அதாவது போகப்போகிறவர். புற்றுநோய்ப் பிரிவில் ஒருவர் கையில் கொடுக்கும் தாளில் அந்த ஒலி ஆகாது. இலக்கணமும் வேண்டாம், தூய்மையும் வேண்டாம், இதையாவது யோசித்தீர்களா?

கோவை, ஆய்வக மாணவி:

யோசிக்கவில்லை ஐயா. வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன். திருத்தச் சொல்லித் திரும்பி வந்தால் ‘செல்வாரியாக’ என்று மாற்றிப் பார்க்கிறேன், ஒலி கொஞ்சம் நகரும். அடுத்த மாதம் இன்னொரு சொல் வேண்டும்: பொள்ளாச்சி சார் சொன்ன அந்தப் பூச்சியம், எங்கள் ஆய்வகத்தில் ‘டிராப் அவுட்’. ‘இடைநிற்றல்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.